குடிக்கும் அப்பாவிடம் குழந்தை: கோர்ட்டில் எதைக் காட்டுவது?

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். ஆறு வயது மகன் அவரிடம் இருக்கிறான். அவர் தினமும் குடிப்பவர். போதையிலேயே பையனை பைக்கில் அழைத்துப் போகிறார். ‘உனக்கு வேலை இல்லை, கோர்ட் பிள்ளையைத் தராது’ என்கிறார். அப்படியா?
- ஒரு வாசகி

பதில்: அப்படி இல்லை. சம்பளம் இல்லாத தாய்க்கும் பிள்ளையின் பொறுப்பு கிடைக்கும். செலவுக்குத் தந்தையிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்ற 1956-ஆம் ஆண்டு இந்துச் சட்ட விதி உங்களுக்கு உதவாது. பையனுக்கு வயது தாண்டிவிட்டது. இனி அவனுடைய நலன்தான் அளவுகோல்.

‘குடிகாரர்’ என்று மனுவில் பத்து முறை எழுதினாலும் எடுபடாது. அந்தக் குடியால் பையனுக்கு என்ன ஆனது? அதைத்தான் நீதிபதி தேடுவார். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் பார்த்தார்கள் என்று இன்றே ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குங்கள். பள்ளி வருகைப் பதிவு, மருத்துவச் சீட்டு, போலீஸில் புகார் தந்திருந்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவை பலமான ஆதாரங்கள். பள்ளி தர மறுத்தால், பதிவேட்டை வரவழைக்கும்படி கோர்ட்டில் மனுப் போடலாம். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததோடு விடாதீர்கள். போனையும் பத்திரமாக வையுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைக்காவிட்டால் எதிர்த்தரப்பு அதிலேயே மடக்கும். ஒன்றிரண்டு சம்பவத்தை மிகைப்படுத்திவிட்டு, குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்டால் உண்மையான பத்தும் சேர்ந்து போய்விடும்.

மனுவைப் பையன் வழக்கமாக வசிக்கும் பகுதியின் குடும்பநல நீதிமன்றத்தில் போட வேண்டும். நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் அல்ல. கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் (பாதுகாவலர் சட்டம்), 1890-இன் கீழ் பிரதான மனுவோடு, 12-ஆவது பிரிவில் இடைக்கால மனுவும் சேர்த்தே போடுங்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க முடியாது அல்லவா? உங்களை அடித்துத் துன்புறுத்தியதும் உண்டென்றால், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் 21-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தற்காலிகப் பொறுப்பு கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

பள்ளி வாசலிலிருந்து பையனைத் தூக்கி வந்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். வேண்டாம்; அதுவே உங்களுக்கு எதிரான ஆதாரமாகும். ‘அப்பா முகத்திலேயே விழிக்கக் கூடாது’ என்றும் கேட்காதீர்கள். மூன்றாம் நபர் முன்னிலையில், குடிக்காமல் வந்தால் மட்டும் சந்திப்பு என்று கேட்டால் நீதிபதி ஏற்க வாய்ப்பு அதிகம். பையனிடம் நீதிபதி தனியாகப் பேசக்கூடும். அதற்காக எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள்; மனப்பாடப் பேச்சை அவர்கள் எளிதில் கண்டுபிடிப்பார்கள்.