முல்லையா, வேறு செடியா? வாசனையை வைத்துச் சொல்ல முடியுமா?

கேள்வி: நெல்லிக்குப்பம் பக்கம் அரை ஏக்கரில் முல்லை என்று சொல்லிக் கொடுத்த கன்றுகளை நட்டோம். இப்போது பூக்கிறது. ஆனால் பக்கத்துக் கொல்லை முல்லையின் மணம் இதில் இல்லை. பூவை லேபில் கொடுத்து வாசனையைச் சோதித்தால் என்ன செடி என்று தெரிந்துவிடுமா? – ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: லேபுக்குச் செலவு செய்யும் முன் இலையைப் பாருங்கள். முல்லையில் நடு இலை பெரிதாக இருக்கும். அதன் காம்பில் இரண்டு பக்கமும் காது மாதிரி பொடி இலைகள் ஒட்டியிருக்கும். சில இலைகளில் அந்தப் பொடி இலைகள் இருக்காது. அதனால் ஒரே கிளையில் நாலைந்து இலையையாவது பார்க்க வேண்டும். ஜாதிமல்லி என்றால் ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் வரும், மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடும். குண்டுமல்லிக்கு அகலமான, பளபளப்பான தனி இலை. இலை தனியாக இருந்து, பூவின் அடியில் ரோமமும் இருந்து, மணமும் கம்மி என்றால் காக்கட்டான் என்றே சந்தேகப்படுவேன்.

வாசனையை ஏன் முதலில் நம்பக் கூடாது? பூ மணப்பது மகரந்தம் சுமக்க வரும் உயிர்களை அழைக்கத்தான். ஒரே மாதிரி பூச்சியை அழைக்கும் செடிகள், உறவே இல்லாவிட்டாலும், ஒரே பொருளைத் தயாரிக்கலாம். சேனைப் பூவின் அழுகல் நாற்றத்துக்குக் காரணமான டைமெத்தில் டைசல்பைடு, எருக்கங்குடும்பத்து ஸ்டபீலியா பூவிலும் உண்டு. மல்லிகையில் இருக்கும் லினலூல் என்ற மணப்பொருள்தான் கொத்தமல்லி விதை எண்ணெயிலும் பெரும்பங்கு.

2006இல் நுட்சன் என்ற ஆய்வாளரும் வேறு மூவரும் 990 செடி வகைகளின் பூமணத்திலிருந்து 1719 சேர்மங்களைத் தொகுத்தார்கள். பேரினத்துக்கு (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதிக்கு) மேலே, அதாவது எது எந்தக் குடும்பம் என்று உறவு காண, பூமணம் அதிகம் உதவாது என்று முடிவு சொன்னார்கள். இன அளவிலும் அதற்குக் கீழேயும் ஒப்பிடுவதில்தான் பலன் இருக்கிறது.

முல்லை, ஜாதிமல்லி, குண்டுமல்லி, காக்கட்டான் எல்லாம் மல்லிகை என்ற ஒரே பேரினம். உங்கள் சந்தேகம் அதற்குள்ளேயே இருப்பதால் சோதனை வீணாகாது. ஆனால் ஒப்பிட, பெயர் உறுதியான ஒரு செடியின் பூவும் கூடவே வேண்டும். குண்டுமல்லி, ஜாதிமல்லி இரண்டிலும் பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் ஆகிய மணப்பொருள்கள் எல்லாம் வரும், விகிதம்தான் வேறுபடும். செடியிலிருக்கும் பூவைப் பையால் மூடி, அந்தக் காற்றை இழுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பூவிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெயில் விகிதம் வேறாக இருக்கும்.

நேரமும் முக்கியம். காலையில் பறித்த மொட்டு அவ்வளவாக மணக்காது. சாயங்காலம் விரியும்போதுதான் மணம் பெருகும், பறித்த பிறகும் உற்பத்தி நிற்காது. இரண்டு கொல்லைப் பூவையும் ஒரே வேளையில் பறித்து, தனித்தனி டப்பாவில் மூடி, இருட்டினதும் திறந்து முகர்ந்து பாருங்கள். எது எது என்று தெரியாத ஒருவரிடமும் கொடுத்துக் கேளுங்கள்.

இலை முல்லை என்றே காட்டி, மணம் மட்டும் மாறினால்? பாரிமுல்லை, கோ 1, கோ 2 என்று முல்லையிலேயே ரகங்கள் உண்டு. பதியனிலும் குச்சியிலும் வளர்த்த கன்று தாய்ச்செடியை அப்படியே உரித்து வைக்கும். ஆகவே தாய்ச்செடி எந்த ரகம் என்று கன்று கொடுத்தவரிடம் கேளுங்கள். அப்போதும் தீரவில்லையா, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். இலையும் மொட்டும் பூவும் சேர்ந்த கிளையாக, செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போங்கள். உதிரிப்பூவை மட்டும் நீட்டினால் இலை எங்கே என்றுதான் கேட்பார்கள்.