மூணு சிலிண்டர்ல ஒண்ணு மட்டும் கம்ப்ரஷன் 90 காட்டுது, இந்த போட் இன்ஜினை வாங்கலாமா?

கேள்வி: சார், செகண்ட் ஹேண்ட்ல ஒரு போட் பாத்து வச்சிருக்கேன். 20 வருஷத்துக்கு மேல ஆன டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டுக்கு வெளிய பின்னாடி மாட்டுற இன்ஜின்), மூணு சிலிண்டர். விக்கிறவரு கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அழுத்துறப்போ சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம், செக் பண்ணி 115, 112, 90 பிஎஸ்ஐன்னு எழுதிக் குடுத்தாரு. மூணாவது ஏன் கம்மின்னு கேட்டா, பழைய இன்ஜின் அப்படித்தான், அழுத்தம் அளக்குற கேஜும் சரியில்லன்னு சொல்றாரு. ஸ்டார்ட் பண்ணா நல்லாதான் ஓடுது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க. மூணும் 95, 94, 92ன்னு வந்திருந்தா கூட நான் இவ்ளோ யோசிக்க மாட்டேன். கேஜ் தப்புன்னா மூணையும் சேத்துதான் தப்பா காட்டும், ஒரே ஒரு சிலிண்டர்ல மட்டும் எப்படி கொறையும்? பொதுவா சிலிண்டருக்கு சிலிண்டர் 10 சதவீதம் வரைக்கும் வித்தியாசம் இருந்தா பரவால்ல, 15ஐ தாண்டினா உள்ள ஏதோ கோளாறு, உங்களுக்கு 20ஐயே தாண்டிருச்சு.

ஆனா ஒரு விஷயம், 90 கடைசியா எடுத்த ரீடிங்காவும் இருக்கலாம். பேட்டரி வீக்கா இருந்தா ஸ்டார்ட்டர் சுத்த சுத்த வேகம் கொறையும், ரீடிங்கும் கூடவே கொறையும். அதனால ஃபுல் சார்ஜ்ல ஒரு பேட்டரியும் உங்க கேஜும் எடுத்துட்டுப் போய் நீங்களே திரும்ப பண்ணுங்க, இந்த தடவ மூணாவது சிலிண்டர்ல இருந்து ஆரம்பிங்க.

மொதல்ல தண்ணி குடுத்து இன்ஜினை சூடாக்கணும், தண்ணி இல்லாம ஓட்டினா வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணிய இழுக்குற ரப்பர் சக்கரம்) கருகிடும். அப்புறம் ஆஃப் பண்ணிட்டு கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பார்க் ப்ளக் எல்லாத்தையும் கழட்டணும், ஒண்ணை மட்டும் கழட்டி பாக்குறது தப்பு, மத்த சிலிண்டர் எதிர்த்து அழுத்துறதுல இன்ஜின் மெதுவா சுத்தும். ப்ளக் வயரை எல்லாம் இன்ஜின் பாடியோட எர்த் பண்ணியே ஆகணும், தொறந்த ஓட்டை வழியா பெட்ரோல் ஆவி வெளிய வரும், ஒரு ஸ்பார்க் போதும் தீ பிடிக்க. கேஜை கையாலேயே திருகி மாட்டுங்க, அலுமினியம் ஹெட்ல மரை போயிட்டா தனி செலவு. நியூட்ரல்ல வச்சு த்ராட்டிலை ஃபுல்லா தொறந்து, முள்ளு ஏறாம நிக்கிற வரைக்கும் சுத்துங்க, அஞ்சாறு ஸ்ட்ரோக் ஆகும்.

அந்த முள்ளு எப்படி ஏறுதுன்னு கவனிங்க. நல்ல சிலிண்டர்னா மொத ஸ்ட்ரோக்லயே டக்குனு பாதிக்கு மேல ஏறிடும். ரிங் (பிஸ்டனை சுத்தி அழுத்தம் கசியாம அடைக்கிற வளையம்) தேஞ்சதுன்னா கொஞ்சம் கொஞ்சமா நகரும், பேப்பர்ல எழுதிக் குடுத்த நம்பர்ல இது தெரியவே தெரியாது.

அப்பவும் மூணாவது 90தான்னா, அந்த ப்ளக் ஓட்டைல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாருங்க. நல்லா ஏறுச்சுன்னா ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேஞ்சிருக்கு. அசையவே இல்லன்னா ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு) பக்கமோ பிஸ்டன் மண்டையோ பாக்கணும். இதே ஆயிலை விக்கிறவங்க முன்னாடியே ஊத்தி வச்சு ரீடிங்கை ஏத்திக் காட்டவும் முடியும், அதனாலதான் நீங்க போறதுக்கு முன்னாடி யாரும் ப்ளக்கை தொட வேண்டாம்னு சொல்லிடுங்க. கழட்டின மூணு ப்ளக்கையும் வரிசையா வச்சு பாருங்க. ரெண்டு பழுப்பா இருந்து ஒண்ணு மட்டும் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருந்தா அந்த சிலிண்டருக்குள்ள தண்ணி போகுதுன்னு சந்தேகப்படுங்க. வெள்ளி மாதிரி பொடிப்பொடியா ஒட்டியிருந்தா பிஸ்டன் உருகுது, அத வாங்கவே வாங்காதீங்க.

நல்லாதான் ஓடுதுன்றீங்களே, லோடு இல்லாம கரையில ஓட்டினா வீக்கான சிலிண்டரும் ஓடும். தண்ணில எறக்கி ஃபுல் த்ராட்டில்ல ஓட்டிப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. ரெண்டாவது தடவயும் 90 வந்தா, இன்ஜின் விலையை சுத்தமா கழிச்சிட்டு வெறும் போட்டுக்கு என்ன தருவீங்களோ அதை மட்டும் சொல்லுங்க, ஒத்துக்கலன்னா வேற போட் பாக்கலாம்.

கேள்வி: இதே கேஜை டீசல் இன்போர்டுக்கு (போட்டுக்குள்ளயே இருக்கிற இன்ஜின்) யூஸ் பண்ணலாமா?

பதில்: கூடாதுங்க. டீசல்ல கம்ப்ரஷன் சாதாரணமாவே 350, 400 பிஎஸ்ஐக்கு மேல போகும், பெட்ரோல் கேஜ் பெரும்பாலும் 300 வரைக்கும்தான், உடைஞ்சு கையில அடிபடும். டீசலுக்குன்னு இருக்கிற கேஜும், அந்த இன்ஜினோட இன்ஜெக்டர் இல்லன்னா க்ளோ ப்ளக் ஓட்டைக்கு பொருந்துற அடாப்டரும் வேணும்.