சிவக்கச் சுண்டிய கோழியும் தெளிந்த சூப்பும்: சீனச் சமையல் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஹோங்ஷாவ் கோழி கறுத்து, கசந்தும் போச்சு. சோயா சாஸ் கூடிடுச்சா?

பதில்: சோயா கூடினால் கரிக்கும், கசக்காது. உங்களுக்குக் கருகியது சர்க்கரை. ஹோங்ஷாவ் என்றாலே சிவக்கச் சமைப்பதுதான். அந்தச் சிவப்புக்கு அடித்தளம் சர்க்கரைப் பாகு. ஒரு கிலோ எலும்போடு கூடிய தொடைக்கறிக்கு 30 கிராம் கற்கண்டைப் பொடித்து, 2 மேசைக்கரண்டி எண்ணெயில் சின்னத் தீயில் உருக்குங்கள். முதலில் கலங்கலாக இருக்கும், பிறகு தேன் நிறம். குமிழ் பொங்கி, நிறம் டிகாஷனை நெருங்குவதற்குள் கோழியைப் போட்டுவிடுங்கள். ஈரத்தை நன்றாகத் துடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தெறிக்கும். பாகு புகைந்துவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். அந்தக் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது.

அதன்பின் 3 மேசைக்கரண்டி லைட் சோயா (உப்புக்கும் ருசிக்கும்), 2 தேக்கரண்டி டார்க் சோயா (நிறத்துக்கு மட்டும்), 60 மி.லி. ஷாவ்ஷிங் ஒயின் (சீன அரிசி ஒயின்), 5 வில்லை இஞ்சி, 2 வெங்காயத்தாள், ஒரே ஒரு அன்னாசிப்பூ. இரண்டு போட்டால் மருந்து வாடை அடிக்கும். கறி முக்கால்வாசி மூழ்க வெந்நீர் ஊற்றி, மூடி, சிம்மில் 25 நிமிடம். பிறகு திறந்து தீயைக் கூட்டி, சாறு கறியில் பளபளவென்று ஒட்டும்வரை சுண்டவிடுங்கள். உப்பு பார்ப்பது அப்போதுதான். முன்னாடியே சரியாக இருந்தால் சுண்டியதும் கரிக்கும்.

கேள்வி: நெஞ்சுக்கறியில் செய்யலாமா?

பதில்: வேண்டாம். வெந்து கரைந்து சாறைக் கெட்டியாக்கும் கொலாஜன் என்ற புரதம் அதில் குறைவு. நேரமாக ஆக நார்நாராக வறளும், சாறும் கெட்டிப்படாது.

கேள்வி: ஜினான் ஊர் ஹுவாங்மென் கோழியும் இதுதானா?

பதில்: முறை நெருக்கம், ருசி வேறு. ஷாண்டோங் மாகாணத்து அந்தக் கோழிக்கு உயிர் காய்ந்த ஷீடாகே காளான். அரைக் கிலோ தொடைக்கறிக்கு 8 காளானைக் குளிர்ந்த நீரில் இரவே ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரை அடிமண் நீக்கி அப்படியே ஊற்றுங்கள், கொட்டிவிடாதீர்கள். சாறை முழுக்கச் சுண்டவிடாமல் சோற்றில் ஊற்றிப் பிசையும் அளவுக்கு நிறுத்துங்கள். பச்சை மிளகாய்த் துண்டுகள் கடைசி ஒரு நிமிடத்தில்.

கேள்வி: சூப் எப்போதும் கலங்கிவிடுகிறது. வடிகட்டியும் தெளியவில்லை.

பதில்: தளதளவென்று கொதிக்கவிட்டிருப்பீர்கள். வேகமான கொதி கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடும். அதை எந்த வடிகட்டியும் பிடிக்காது. வெள்ளை சூப் வேண்டுமென்றால் அதையேதான் வேண்டுமென்று செய்வார்கள்.

தெளிந்த சூப்புக்கு ஒன்றரைக் கிலோ முற்றிய கோழியைப் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். கொதித்ததும் சாம்பல் நிற நுரை திரளும். 3 நிமிடம் விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, கோழியை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். விலா எலும்பின் உள்பக்கம் ஒட்டிய ரத்தத்தை விரலால் தேய்த்தெடுங்கள். பலர் விடுவது இந்த இடத்தைத்தான். பிறகு 3 லிட்டர் புதுத் தண்ணீர், இஞ்சி. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வரும் நிலையில் 3 மணி நேரம். உப்பு இறக்கும்போது.

கேள்வி: லூ ஷுய் சாறை (கறியை வேகவைக்கும் சோயா, மசாலாச் சாறு) மறுபடி பயன்படுத்தலாமா? என்னுடையது இரண்டே நாளில் புளித்தது.

பதில்: தாராளமாக, அதற்காகத்தான் அது. ஆனால் டோஃபு, முட்டை போடுவதற்கு ஒரு கிண்ணம் சாறைத் தனியே எடுத்து, வேலை முடிந்ததும் அதைக் கொட்டிவிடுங்கள். மூலச் சாறில் அவை இறங்கினால் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு முறையும் வடிகட்டி, மேல் கொழுப்பை எடுத்து, கொதிக்கவைத்து, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்கு மேலென்றால் ஃப்ரீசர். புளித்ததைக் கொட்டிவிடுங்கள், கொதிக்கவைத்தாலும் அது சரியாகாது.