இரவு டூட்டியில் சுகர் 48: முதலில் ஜூஸா, டாக்டருக்கு போனா?

சிஸ்டர், வியர்த்துக் கொட்டிய பெரியவருக்கு சுகர் 48, ஜூஸ் கொடுத்துவிட்டு அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டேன், சீனியர் திட்டினார் என்கிறீர்கள். நினைவோடு இருந்தார், விழுங்கினார் என்றால் நீங்கள் செய்தது சரிதான். 70-க்குக் கீழே என்றாலே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. கூட இருக்கிறவர் பையிலிருந்து சாக்லேட்டை நீட்டுவார், வாங்காதீர்கள், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். வோக்லிபோஸ் (குடலில் சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை) போடுகிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர்கூட சரியாக வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான்.

மயக்கமென்றால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. கத்தி ஆளைக் கூப்பிடுங்கள், வார்டு புரோட்டோகால்படி 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 100 மில்லி நரம்பு வழியாக, ஆனால் நரம்பில் போட்ட லைன் சரியாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். லைனே கிடைக்கவில்லையா, சுகரை ஏற்றும் ஹார்மோன் ஊசி குளுக்ககான் 1 மி.கி. தசையில்.

கிளிமிபிரைடு (இன்சுலினைச் சுரக்க வைக்கும் சர்க்கரை மாத்திரை) சாப்பிடுகிறவர் என்றால் 110 வந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும், குறைந்தது 24 மணி நேரமாவது பார்க்கணும்.

அப்புறம் ஏன் இறங்கியது என்று கேளுங்கள். நம்ம ஊரில் பாதி நேரம் வீட்டுச் சாப்பாடு கிண்டி டிராஃபிக்கில் மாட்டியிருக்கும், இன்சுலினை மட்டும் டாண் என்று போட்டிருப்பார்கள்.