கேள்வி நேரம்

கேள்வி: ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். நான் கால் சென்டரில் இருந்தபோது, எடுக்கும் அழைப்புகளின் எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை தந்தார்கள். சும்மா இருப்போமா? இரண்டே நிமிடத்தில் போனை வைத்தோம் (நானும்தான்!). பிரச்சினை தீராத அதே ஆள் மூன்று முறை கூப்பிடுவார். மூன்றும் கணக்கில் ஏறும். அப்புறம், முதல் அழைப்பிலேயே பிரச்சினை தீர்ந்தால்தான் தொகை, அதுவும் குழு முழுவதற்கும் என்று மாற்றினார்கள். அதுவரை வாயே திறக்காத சீனியர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று. 1971இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர், புதிர்களை விடுவித்த மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். பணம் நின்றதும் ஆர்வமும் குறைந்தது. அதனால், வேலையைப் பிடித்துச் செய்கிறவர்களுக்கு நானாக இருந்தால் பணத்துக்குப் பதில் கூடுதல் விடுப்பு தருவேன்.