தெரியாமல் எடுத்த படம்

கேள்வி: மகளைப் பார்க்க ஜெர்மனி போகிறேன். தெருவில் போவோர் வருவோரை அவர்களுக்குத் தெரியாமல் புகைப்படம் எடுப்பது தனி ஆனந்தம் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: 'தெரியாமல்' என்ற சொல்லைப் படித்ததுமே எனக்குப் பொறாமையாகிவிட்டது. கும்பகோணத்தில் 50 வருஷமாகக் குடியிருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் நான் செய்த காரியம் ஒன்றுகூடக் கிடையாது. பெரிய கடைத்தெருவில் கேமராவை உறையிலிருந்து எடுத்தால் போதும், பாத்திரக்கடைக்காரர் சட்டைப் பொத்தானைப் போடுவார். பூக்கட்டும் அம்மா, "இரு தம்பி, தலைய வாரிக்கிட்டு வரேன்" என்று உள்ளே போய்விடுவார். ஒருத்தர், "எந்தப் பேப்பர்ல வரும்?" இன்னொருத்தர், "இவரு நம்ம போஸ்ட்மாஸ்டர் புள்ளல்ல? சுகர் எறங்குச்சா சார்?" எனக்குச் சர்க்கரை இருப்பது அன்றுவரை என் வீட்டுக்கே தெரியாது!

தெருக்காட்சிகளைப் படமெடுத்துப் பேர்வாங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று தன் லைக்கா கேமராவின் மினுக்கும் பாகங்களில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு அலைந்தவர். எங்கள் ஊரில் அவர் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை டேப்பைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாலும், "என்ன சார், கீழ விழுந்துட்டீங்களா?" என்று நாலு பேர் விசாரித்திருப்பார்கள்.

ஆனந்தம் உண்மைதான். யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருத்தரும் கேட்காத தெருவில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், கேமராவே இல்லாவிட்டாலும் கிடைக்கும்.

ஆனால் ஜெர்மனி என்கிறீர்களே, கொஞ்சம் நிதானம். 1898இல் அந்நாட்டின் முன்னாள் சான்ஸலர் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு பேர் வீட்டுக்குள் நுழைந்து சடலத்தைப் படமெடுத்து, பிறகு கம்பி எண்ணினார்கள். அந்தச் சூடு ஆறாமல் 1907இல் சட்டமே வந்துவிட்டது: ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும். காட்சியில் ஓர் ஓரமாக விழுந்த ஆட்களுக்கு விலக்கு உண்டு. எதற்கும் வாட்ஸப்பில் போடுமுன் மகளைக் கேளுங்கள். சுவாமிமலையில் என் பாட்டி கோலம் போட்டதை ஒரு வெள்ளைக்காரர் எடுத்துப் போனார்; யாரைக் கேட்டார்? எந்த ஊர் வரவேற்பறையில் இன்னமும் குனிந்தபடி நிற்கிறாளோ.

'புகைப்படம்' என்று வேறு எழுதிவிட்டீர்கள். திருவையாற்றுத் தமிழாசிரியர் ஒருவர் "புகை எங்கே ஐயா? நிழற்படம் என்று போடும், இல்லையேல் சந்தாவை நிறுத்துவேன்" என்று 11 வருஷமாகக் கார்டு போடுகிறார். போன வாரம் பதிவேட்டைப் புரட்டினோம். மனிதர் சந்தாவே கட்டியதில்லை. இத்தனை வருஷமும் எதிர்வீட்டுப் பிரதி. டெல்டாவில் ஒரு காரியத்தை யாருக்கும் தெரியாமல் செய்தவர் அவர் ஒருவர்தான்.