ஆழாக்கு, கைப்பிடி அளவுகளை அப்படியே அச்சிடலாமா?

புத்தகமாகப் போடவிருக்கும் மாமியாரின் சமையல் குறிப்புகளில் அளவுகள் ஆழாக்கு, கைப்பிடி என்றே இருக்கின்றன, அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு; ஆனால் ஊருக்கு ஊர் படியே மாறும். அவர் சமைக்கும்போது தராசோடு பக்கத்தில் நில்லுங்கள். கைப்பிடி அள்ளியதும் சட்டியில் போடவிடாமல் தட்டில் வாங்கி எடை பாருங்கள். (திட்டுவார், பரவாயில்லை.) கிராமோடு ஆழாக்கையும் சேர்த்தே போடுங்கள். பிறகு சமையல் அதிகம் தெரியாத ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயே திறக்கக் கூடாது. அவர் எங்கே திணறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

செலவு குறைய, வண்ணப் படங்களை ஒரே 16 பக்க ஃபாரத்தில் (ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்களின் தொகுப்பு) சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் அடையாள எண்) யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அரசே இலவசமாகத் தருகிறது.